ஹைட்ரன்ட் இல்லாத ஊரில் வண்டிதான் தண்ணீர்

அமெரிக்காவில் ஒரு கிராமத்துத் தீயணைப்பு நிலையம் புது வண்டி வேண்டும் என்று கேட்டால், ஊர்க்கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார்: "இருக்கிற வண்டி நல்லாத்தானே ஓடுது?" நியாயமான கேள்விதான். 25 வயதான வண்டியின் மீட்டரைப் பார்த்தால் 20,000 மைல்கூட ஓடியிருக்காது. அடிக்கடி துடைத்து வைப்பதால் பெயின்ட் பளபளக்கும். ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் சைரன் போட்டுக்கொண்டு கம்பீரமாகப் போகும். இதை ஓரங்கட்டிவிட்டுப் பல லட்சம் டாலருக்கு இன்னொன்று எதற்கு?

பதில் சொல்ல வண்டியைவிட அந்த ஊரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நகரத்தில் தெருவுக்குத் தெரு ஹைட்ரன்ட், அதாவது தீயணைப்புக்கென்று நட்ட தண்ணீர்க் குழாய், இருக்கிறது. வண்டி அதில் ஹோஸை மாட்டி, அழுத்தத்தைக் கூட்டித் தீயின்மேல் அடிக்கிறது. தண்ணீருக்கு நகராட்சி பொறுப்பு. பண்ணை வீடுகள் மைல் கணக்கில் தள்ளித்தள்ளி இருக்கும் ஊரில் அந்தக் குழாயே கிடையாது. வண்டி எதைச் சுமந்து வருகிறதோ அதுதான் தண்ணீர். ஆகவே அங்கே ஒரு வண்டி தேய்கிறது என்றால் ஊரின் தீயணைப்புத் தண்ணீர் ஏற்பாடே தேய்கிறது என்று அர்த்தம். சாலைக்கும் பாலத்துக்கும் வரிப்பணத்தில் திட்டம் போடுகிற நாடு, இந்தத் தண்ணீரை மட்டும் ஊர் விருந்தில் பான்கேக் விற்ற காசில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. சிக்கலின் வேர் அங்கேதான் என்பது என் எண்ணம்.

தீயணைப்பு என்றாலே அரசு வேலை, மாதச் சம்பளம் என்று பழகியவர்களுக்கு அமெரிக்க ஏற்பாடு விசித்திரமாகத் தெரியும். அங்கே தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலானவர்கள் தன்னார்வலர்கள். தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 2020 கணக்குப்படி நாடு முழுக்கச் சுமார் 10.4 லட்சம் வீரர்கள். அதில் சுமார் 6.77 லட்சம் பேர், அதாவது 65 சதவீதம், தன்னார்வலர்கள். பகலில் மெக்கானிக், விவசாயி, பள்ளி ஆசிரியர். பேஜரோ போனோ அலறினால் வேலையைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடுவார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ல் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. பெருநகரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சம்பளப் படைக்கு மாறிக்கொண்டன. கிராமங்கள் மாறவில்லை, மாற வசதியும் இல்லை.

ஆனால் ஆள் குறைகிறது. 1984-ல் ஏறக்குறைய 9 லட்சமாக இருந்த தன்னார்வலர் எண்ணிக்கைதான் 6.77 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது. 2,500 பேருக்கும் குறைவான ஊர்களில் தன்னார்வலர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 50 வயதைத் தாண்டியவர். வண்டிப் பேச்சில் இது எதற்கு என்றால், ஆள் குறையக் குறைய வண்டிதான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. நாலு பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்யும்படி அது இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் பல கியர் போட்டு ஓட்டுபவை. இன்று படையில் சேரும் 20 வயதுப் பையனோ பெண்ணோ பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் தவிர எதையும் தொட்டதில்லை. பகல் நேரத்தில் நிலையத்துக்கு ஆள் வந்தும், ஓட்டத் தெரிந்தவர் வரும்வரை வண்டி ஷெட்டிலேயே நிற்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு வீட்டுத் தீக்கு உள்ளே கொண்டுபோகும் ஒரு கைக்குழாய் நிமிடத்துக்கு சுமார் 150 கேலன், அதாவது 570 லிட்டர் அடிக்கும். வண்டியின் தொட்டி 500 கேலன் என்றால் மூன்று நிமிடம் சொச்சத்தில் காலி. 1,000 கேலன் என்றாலும் ஏழு நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் அடுத்த தண்ணீர் வந்து சேராவிட்டால், உள்ளே போனவர்கள் வெறுங்குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அடுத்த தண்ணீர் டேங்கரில் வரும். தீ நடக்கும் இடத்தில் மடக்குத் தொட்டி ஒன்றை விரித்து வைப்பார்கள். இரும்புச் சட்டத்தில் தடித்த தார்ப்பாயை மாட்டிய சதுரத் தொட்டி அது. டேங்கர் வந்து பின்பக்க வால்வைத் திறந்து தண்ணீரை அதில் கொட்டிவிட்டு, ஏரிக்கோ குளத்துக்கோ திரும்ப ஓடும். பம்பர், அதாவது பம்ப் பொருத்திய தீயணைப்பு வண்டி, மடக்குத் தொட்டியிலிருந்து உறிஞ்சித் தீயின்மேல் அடிக்கும்.

கேட்க எளிது. கணக்குப் போட்டால்தான் தெரியும். 2,000 கேலன் டேங்கர் ஒன்று, தண்ணீர் மூன்று மைல் தள்ளி. கிராமச் சாலையில் போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம். நிரப்ப நாலு, கொட்ட இரண்டு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 நிமிடம். சிந்துவது, அடியில் தங்குவது எல்லாம் போக, அந்த டேங்கரால் தொடர்ந்து கொடுக்க முடிவது நிமிடத்துக்குச் சுமார் 100 கேலன். ஒரே ஒரு கைக்குழாய்க்கே அது பத்தாது. இரண்டு குழாய் ஓட மூன்று டேங்கர் வேண்டும். ஊரில் இருப்பது ஒன்றென்றால் மீதியை அக்கம்பக்கத்து ஊர்கள் அனுப்பியாக வேண்டும். இந்தப் பரஸ்பர உதவி ஒப்பந்தங்கள்தான் கிராமத் தீயணைப்பைத் தாங்கி நிற்கின்றன. அந்த ஊர்களின் வண்டிகளும் பெரும்பாலும் இதே வயசு என்பதுதான் வருத்தம்.

நேரமும் இப்போது முன்புபோல் இல்லை. பஞ்சும் மரமுமாக இருந்த பழைய காலத்து அறை முழுதாகப் பற்றிக்கொள்ள அரை மணி நேரம் பிடித்தது. ஃபோமும் செயற்கை இழையும் நிறைந்த இன்றைய வரவேற்பறை ஐந்து நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிவிடுவதை யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை ஆய்வகத்தின் சோதனைகள் பக்கத்தில் பக்கம் அறை கட்டி எரித்துக் காட்டின. கிராமத் தன்னார்வப் படைக்கு என்.எஃப்.பி.ஏ. வைத்திருக்கும் இலக்கோ 14 நிமிடத்தில் ஆறு பேர், அதுவும் பத்துக்கு எட்டு முறை சாதித்தால் போதும். ஆக, வந்து சேரும்போதே தீ பெரிதாகத்தான் இருக்கும். வந்த வண்டியில் பம்ப் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

மீட்டர் சொல்லாத வயசு

தீயணைப்பு வண்டி மைல் கணக்கில் கிழடாவதில்லை. நின்ற இடத்தில் எஞ்சின் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடும், அது மீட்டரில் ஏறாது. மற்ற நாட்களிலோ தொட்டி நிறையத் தண்ணீரோடு ஷெட்டில் நிற்கும். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 1,000 கேலன் என்றால் 3.8 டன். இந்தச் சுமை இருபது வருஷமாக இரவும் பகலும் ஸ்பிரிங், சட்டம், டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. டயர் பூ அப்படியே இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். அதனால்தான் ஏழு வருஷமானால் தேய்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் டயரை மாற்று என்கிறது என்.எஃப்.பி.ஏ. தரவிதி. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அடிச்சட்டத்தைத் தின்னும். பழைய இரும்புத் தொட்டி உள்ளிருந்து துருப்பிடித்து, அந்தத் துரு பம்புக்குள் போகும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் தொட்டிதான்.

வண்டியின் உண்மையான வயசு தெரிய வேண்டுமானால் வருடாந்திர பம்ப் சோதனையைப் பார்க்க வேண்டும். வண்டியைக் குளத்தங்கரையில் நிறுத்தி, உறிஞ்சுகுழாயை இறக்கி, முதலில் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றித் தண்ணீரைப் பிடிக்க வைப்பார்கள். நல்ல பம்ப் அரை நிமிடத்தில் பிடித்துவிடும். ஏதாவது ஒரு வாஷர் காய்ந்து போயிருந்தால், வால்வு ஒன்று சரியாக மூடாவிட்டால், காற்று கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது. ஏறிய பிறகு சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் பம்பின் முழு அளவு 20 நிமிடம், 200-ல் 70 சதவீதம் 10 நிமிடம், 250-ல் பாதி அளவு இன்னொரு 10 நிமிடம் அடித்துக் காட்ட வேண்டும். பெயின்ட் பளபளக்கும் பல வண்டிகள் இந்த நாற்பது நிமிடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஊர்வலத்தில் வண்டியைப் பார்த்துக் கைதட்டுபவர்கள் இந்தச் சோதனையையும் ஒருமுறை வந்து பார்த்தால், ஊர்க்கூட்டத்தில் பாதி வாக்குவாதம் குறையும்.

என்.எஃப்.பி.ஏ.வின் வழிகாட்டுதல், 15 வருஷம் தாண்டிய வண்டியை இரண்டாம் வரிசைக்குத் தள்ளு, 25 தாண்டினால் விடைகொடு என்பது. இது சட்டமல்ல, பரிந்துரை. சம்பளப் படை உள்ள பெருநகரங்களால் பின்பற்ற முடிகிறது. கிராமங்களில் 30 வயது வண்டி முதல் வரிசையில் ஓடுவது சர்வ சாதாரணம். 1991-ல் வந்த தரவிதிக்குப் பிறகுதான் வீரர்கள் உட்காரும் கேபின் முழுக்க மூடியிருக்க வேண்டும் என்று ஆனது. அதற்கு முந்திய வண்டிகள் பலவற்றில் பின்னிருக்கை திறந்தவெளி. வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலிவு வழிகள்

சரி, புதிதாக வாங்காமல் சமாளிக்க முடியாதா? முடியும், கிராமங்கள் அதைத்தான் ரொம்ப காலமாகச் செய்துவருகின்றன. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு.

நகரம் கழித்துப்போட்ட வண்டியை வாங்குவது முதல் வழி. புதியதன் விலையில் சின்னப் பங்குக்குக் கிடைக்கும். ஆனால் அது ஹைட்ரன்ட்டை நம்பிக் கட்டிய வண்டி. தொட்டி 500 கேலன்தான் இருக்கும். நீளம் அதிகம், பண்ணை வீட்டுப் பாதையில் திரும்பாது. உயரம் அதிகம், ஐம்பது வருஷத்துக்கு முன் கட்டிய நிலையத்தின் கதவுக்குள் நுழையாது. கிராமத்துச் சின்னப் பாலங்களில் எழுதியிருக்கும் எடை வரம்பைத் தாண்டும். மலிவாக வாங்கிவிட்டுக் கதவை இடித்துப் பெரிதாக்கக் காசு தேடியவர்கள் இருக்கிறார்கள்.

ராணுவத்தின் பழைய லாரிகள் இன்னொரு வழி. வனத்துறை வழியாகக் கூட்டரசு உபரிச் சொத்துத் திட்டத்தில் இவை தன்னார்வப் படைகளுக்குப் போகின்றன. எல்லாச் சக்கரமும் இழுக்கும் இரண்டரை டன் லாரியில் ஒரு தொட்டியும் சின்ன பம்பும் ஏற்றினால் புல்வெளித் தீக்கு அருமையான வண்டி. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இவை இல்லாமல் ஒரு கோடைகூட ஓடாது. 2024 பிப்ரவரியில் தொடங்கிப் பத்து லட்சம் ஏக்கருக்குமேல் எரித்த ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீயில் முன்னால் நின்றவர்களில் பலர் இப்படிப்பட்ட சின்ன ஊர்த் தன்னார்வலர்கள்தான். ஆனால் அதை வீட்டுத் தீக்கு அனுப்பினால் வேகமும் இல்லை, பம்புக்கு வலுவும் இல்லை.

மூன்றாவது வழிதான் பயமுறுத்துகிறது. பால் லாரி, எண்ணெய் லாரி எதையாவது வாங்கி வெல்டிங் செய்து டேங்கராக்குவது. பெட்ரோல் ஒரு கேலன் சுமார் 6 பவுண்டு, தண்ணீர் 8.34. எண்ணெய்க்கென்று கட்டிய தொட்டியில் அதே அளவு தண்ணீரை ஊற்றினால், அடிச்சட்டமும் பிரேக்கும் தாங்க வேண்டிய சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. உள்ளே தடுப்புத் தகடுகள் சரியாக இல்லாவிட்டால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். மண் ஓரத்தில் வலது சக்கரம் இறங்குகிறது, ஓட்டுநர் பதற்றத்தில் இடது பக்கம் வெடுக்கென்று ஒடிக்கிறார், வண்டி உருள்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்ததால்தான் அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2003-ல் டேங்கர் பாதுகாப்புக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. நாட்டின் தீயணைப்பு வண்டிகளில் டேங்கர்கள் சிறுபான்மை. ஆனால் வண்டி விபத்தில் இறக்கும் வீரர்களில் அவற்றின் பங்கு மிகப் பெரிது.

காசு எங்கிருந்து

பெருந்தொற்றுக்கு முன் சாதாரண பம்பர் ஒன்று ஐந்து லட்சம் டாலர் சுற்றி வந்தது. இப்போது பல இடங்களில் பத்து லட்சத்தைத் தொடுகிறது. ஏணி வண்டி என்றால் இருபது லட்சம். வருஷத்துக்கு சில பத்தாயிரம் டாலர் வருமானமுள்ள படைக்கு இது எட்டாக்கனி. மீன் வறுவல் விருந்து, பிங்கோ, பான்கேக் காலை உணவு, துப்பாக்கியைப் பரிசாக வைத்த குலுக்கல் என்று ஊரே சேர்ந்து திரட்டினாலும் அது டீசலுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஹோஸுக்கும் சரியாகப் போகும்.

பெரிய நம்பிக்கை, கூட்டரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் தீயணைப்பு வீரர் உதவி மானியம். 2001-லிருந்து நடக்கிறது. 20,000 பேர் வரை உள்ள ஊர் தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். விதி தாராளம்தான், போட்டிதான் கடுமை. மொத்த நிதியில் வண்டிகளுக்குப் போகக்கூடியது கால் பங்குக்கு மேல் இல்லை என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. விண்ணப்பம் எழுதுவது தனிக் கலை. அழைப்புகளின் எண்ணிக்கை, வண்டிகளின் வயசு, ஊர் வருமானம், அண்டை ஊர்களுக்குச் செய்யும் உதவி என்று எல்லாவற்றையும் பதிவேடு வைத்துக் காட்ட வேண்டும். பெரிய படைகள் அதற்கென்று ஆள் வைக்கின்றன. சின்ன ஊரில் பகலெல்லாம் டிராக்டர் ஓட்டியவர் ராத்திரி சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார். தேவை அதிகமுள்ள இடமே விண்ணப்பத்தில் தோற்க வாய்ப்பு அதிகம் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

வேளாண் துறை சிற்றூர்களுக்குக் குறைந்த வட்டிக் கடனும் மானியமும் தருகிறது. டெக்சாஸ் 2001-ல் கிராமத் தன்னார்வப் படைகளுக்கென்று தனி நிதி உண்டாக்கியது. அங்கே வரிசை நீளம், வண்டிக்கு விண்ணப்பித்த ஊர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தன. சில மாநிலங்களில் தீயணைப்பு மாவட்டம் என்று அமைத்துச் சொத்து வரி போடலாம். எனக்குக் கேட்டால் இதுதான் உருப்படியான வழி. வருஷாவருஷம் வரும் சின்ன வரி, எப்போதோ அடிக்கும் மானிய அதிர்ஷ்டத்தைவிட மேல். ஆனால் வாக்கெடுப்பு வைக்க வேண்டும், புது வரிக்கு ஓட்டுப் போட யாருக்கும் கை வராது.

அந்த வாக்கெடுப்பில் எடுபடக்கூடிய வாதம் வீட்டு இன்சூரன்ஸ். ஐ.எஸ்.ஓ. என்ற நிறுவனம் ஊர்களின் தீயணைப்பு வசதிக்கு 1 முதல் 10 வரை வகுப்பு போடுகிறது. 1 சிறந்தது. 10 என்றால் குறைந்தபட்சத் தகுதிகூட இல்லை. மதிப்பெண்ணில் சுமார் பாதி தீயணைப்புப் படைக்கு, 40 புள்ளி தண்ணீர் வசதிக்கு. நிலையத்திலிருந்து ஐந்து மைல் சாலைத் தூரத்துக்கு வெளியே இருக்கும் வீடு பெரும்பாலும் 10-ல்தான் விழும். டேங்கர் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 250 கேலன் இரண்டு மணி நேரம் இடைவிடாமல் தர முடியும் என்று நிரூபித்தால், ஹைட்ரன்ட் இல்லாத ஊரும் 8-ஆம் வகுப்போ அதைவிட நல்ல வகுப்போ பெறலாம். மொத்தம் 30,000 கேலன். அதற்கு நம்பகமான வண்டிகள் வேண்டும். எல்லா இன்சூரன்ஸ் நிறுவனங்களும் இந்த வகுப்பை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வகுப்பு மோசமானால் சில வீட்டுக்காரர்களுக்குக் கூடும் பிரீமியம், வண்டிக்கான வரியைவிட அதிகமாகவே இருக்கும். இந்த ஒப்பீட்டை ஒரு தாளில் எழுதி ஊர்க்கூட்டத்தில் காட்டாத படைகள் வீணாகத் தோற்கின்றன.

காத்திருப்பு

காசு கிடைத்தாலும் வண்டி உடனே வருவதில்லை. முன்பு ஆர்டர் கொடுத்தால் ஒரு வருஷம். இப்போது இரண்டிலிருந்து நாலு வருஷம். பெருந்தொற்றில் உதிரிபாகம் தட்டுப்பட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் பற்றித்தான் இப்போது சண்டை. சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் விழுங்கப்பட்டு, சந்தையின் பெரும்பகுதி ஆர்.ஈ.வி. குழுமம், பியர்ஸை வைத்திருக்கும் ஆஷ்காஷ், ரோசன்பவர் என்று மூன்று பேரிடம் வந்து நிற்கிறது. போட்டி இல்லாததால்தான் விலையும் காத்திருப்பும் ஏறின என்று வீரர்களின் தொழிற்சங்கம் 2025-ல் கூட்டரசிடம் விசாரணை கேட்டது. அதே ஆண்டு செனட் துணைக்குழு ஒன்று தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. நிறுவனங்கள் மறுக்கின்றன, தேவை திடீரென்று கூடியதும் செலவு ஏறியதும்தான் காரணம் என்கின்றன. யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். கிராமத்துக்கு உறைப்பது வேறொன்று. சில ஒப்பந்தங்களில் விலை கையெழுத்தோடு நிற்பதில்லை, கட்டும் காலத்தில் ஏறினால் அந்த ஏற்றமும் வாங்குபவர் தலையில். குலுக்கலில் திரட்டிய காசுக்கு இந்தத் திடீர் ஏற்றம் தாங்காது.

வாங்குபவர்கள் பக்கமும் தப்பில்லாமல் இல்லை. ஒவ்வொரு படைத்தலைவரும் தன் ஊருக்கென்று தனியாக வரைந்த வண்டி கேட்கிறார். அலமாரி இங்கே, விளக்கு அங்கே, பெயர் தங்க எழுத்தில். பக்கம் பக்கமாக விவரக்குறிப்பு. தொழிற்சாலைக்கு ஒவ்வொன்றும் புது வேலை. சாதாரண லாரியின் அடிச்சட்டத்தில் கட்டிய, பம்பும் 1,000 கேலன் தொட்டியும் சேர்ந்த வண்டி ஒன்றை, தயாரிப்பாளர் ஏற்கெனவே வைத்திருக்கும் வரைபடப்படியே எடுத்துக்கொண்டால் விலையும் குறையும், நாளும் குறையும். பழுது பார்க்க ஊர் லாரி மெக்கானிக்கே போதும். பக்கத்து ஊரில் நல்ல டேங்கர் இருந்தால் இன்னொன்று வாங்காமல், இரண்டு ஊருக்கும் ஒரே அழைப்பில் இரண்டு வண்டியும் கிளம்பும்படி ஒப்பந்தம் போடலாம்.

டீசல் எஞ்சினிலும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. 2007-க்குப் பின் வந்த எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் சூடாக ஓடினால் கரி தானே எரிந்துவிடும். ஐந்து மைல் போய் நின்று, திரும்பி வந்து ஷெட்டில் ஏறும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அடைப்பு முற்றினால் எஞ்சினே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு, தீக்கு நடுவில் யாருக்கும் வேண்டாத ஏற்பாடு என்பதால், அவசர வண்டிகளுக்கு மட்டும் அதைத் தளர்த்திக்கொள்ள 2012-ல் கூட்டரசு அனுமதித்தது. ஆனாலும் வடிகட்டி அடைக்காமலிருக்க, புது வண்டி வாங்கும் படை வாராவாரம் அதை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்ட ஒரு ஆளையும் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வயசுக் கணக்கு வேறு மாதிரி வரும். வாக்கெடுப்புக்கு ஒரு வருஷம், மானியத்தில் முதல் தடவை கிடைக்காமல் மறுபடி விண்ணப்பிக்க ஒன்றோ இரண்டோ வருஷம், கட்டி வர மூன்று வருஷம். இன்றைக்கு 19 வயதான வண்டி, மாற்று வந்து நிற்கும்போது 25-ஐத் தொட்டிருக்கும். இன்றே 25 ஆகிவிட்ட ஊர், இடைப்பட்ட வருஷங்களுக்குப் பக்கத்து ஊரிடம் உபரி வண்டி ஒன்றைக் கடனாகக் கேட்டு, அதன் பம்ப் சோதனைச் சீட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.